றேற் அண்ணையின் உலகச் சம்பள நிலவரம்

முன்னேறிய நாடுகளில் சம்பளம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று உலகத்திலேயே சரியாக அறிந்துவைத்திருந்த மனிதர், ஸ்காபரோவில், மில்லிக்கன் பகுதியில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். பெரிய வங்கிகளில் கோட்டுப் போட்டுக்கொண்டு இதையே தொழிலாகச் செய்பவர்கள் ஒருவரும் அவரிடம் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு மூன்று நாடுகளாவது தப்பியிருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளக் காசோலையில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் றேற் அண்ணை. யாரைக் கண்டாலும் அவருடைய முதற்கேள்வி, "மணித்தியாலத்துக்கு என்ன றேற்?" என்பதுதான்; சம்பளம் எவ்வளவு என்று அர்த்தம். கென்னடி வீதியில் காரை வேகமாக ஓடியதற்கு மறித்த பொலிஸ்காரரிடம், ரிக்கற்றை வாங்கிக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறார். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியபடி, "ஐயா, திருவிழாவுக்கு ஓவர்ரைம் தாறவையோ?" என்றார். ஐயர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "எங்கை தம்பி!" என்று பெருமூச்சு விட்டார். ஒரு செத்தவீட்டில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கடமைக்கு நின்ற கறுப்புக் கோட்டுக்காரரிடமும் கேட்டார். அந்த மனிதர் தன் சம்பளக் குறையைச் சொல்லத் தொடங்கி, கடைசியில் சொந்தக்காரரைவிடத் துக்கமாக நின்றார்.

ஊரில் நடந்த சண்டை எங்கள் ஆட்களைத் திக்குத் திக்காக எறிந்ததில், றேற் அண்ணைக்குப் பத்து நாடுகளில் நிருபர்கள் கிடைத்திருந்தார்கள். ஒஸ்லோவில் மீன் வெட்டும் மச்சாள், சூரிச்சில் கோப்பை கழுவும் சித்தப்பா, மெல்பேணில் லொறி ஓடும் மச்சான், மிலானில் வயதானவர்களைப் பார்க்கும் பெறாமகன். ஐந்து டொலர் ரெலிபோன் அட்டையைச் சுரண்டிச் சுரண்டி எல்லோரிடமும் விசாரிப்பார். ஆட்கள் புளுகுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"சூரிச் எண்டால் கால்வாசி கழிக்கவேணும், பிள்ளை. லண்டன் எண்டால் அரைவாசி. பெடியனுக்குப் பொம்பிளை பாக்கிற நேரமெண்டால் சொன்னதை முழுக்க விட்டிடு."

ஒஸ்லோவுக்கு மட்டும் கழிவு இல்லை. அந்த மச்சாளுக்குப் புளுக நேரமில்லையாம்.

தொழிற்சாலை லைனில் அவருக்கு அடுத்ததாக நிற்கும் பாக்கியம் எனக்கு. நான் பிஸ்கற்றை அடுக்க, அவர் பெட்டியை மடிப்பார். ஜெர்மனியில் சம்பளம் ஏன் மந்தமாகிவிட்டது என்பதை எட்டு மணித்தியாலம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், கணவர் வாயைத் திறந்தாலும் ஜெர்மனி என்றுதான் காதில் விழும்.

இப்படிப்பட்டவருக்கு, போர் முடிந்த அந்த வருடத்தில், ஒரேயொரு இடத்திலிருந்து மட்டும் செய்தி இல்லை. அவருடைய ஒரே அக்கா, சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தை மாதத்துக்குப் பிறகு குரலே இல்லை. பத்து நாடுகளுக்கும் எடுத்து றேற்றைக் கேட்டு முடித்ததும், "அக்காவைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?" என்று மெல்லக் கேட்பார். பத்து நாடுகளும் இல்லை என்றுதான் சொல்லின.

அந்த நேரத்தில்தான் உலகப் பொருளாதாரமும் படுத்துக்கொண்டது. தொழிற்சாலைக்காரர் டவுன்ரவுணிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டி வந்தார்கள். அவர் சுவரில் ஒரு சம்பள வரைபடக் கோட்டைக் காட்டினார். அது படுக்கையாகப் போய்க் கடைசியில் சாய்ந்தது. முன்னேறிய நாடுகள் எங்கும் இதுதான் போக்காம். ஆகவே நாங்கள் மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் விட்டுக்கொடுத்தால் உலகத்தோடு ஒத்து நடந்தவர்களாவோம் என்றார். தன்னுடைய கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மட்டும் அவர் காட்டவில்லை.

றேற் அண்ணை கையைத் தூக்கினார். ஒஸ்லோவில் மீன் வெட்டுக்கு ஏறியிருக்கிறது என்றார். மெல்பேணில் லொறிக்கு ஏறியிருக்கிறது என்றார். அவருடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது, இலக்கங்கள் தடுமாறவில்லை. ஆலோசகர் அவசரமாகத் தாள்களைப் புரட்டினார். என்னோடு பிஸ்கற் அடுக்கும் சாந்தி என் விலாவில் இடித்து, "மனுசன் வெல்லப்போகுதடி!" என்றாள்.

அத்தோடு இருந்திருக்கலாம். மனிதர் இருக்கவில்லை. "நியாயத்தையும் சொல்லத்தானே வேணும்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, இத்தாலியில் பல வருடமாகச் சம்பளம் ஏறவேயில்லை என்பதையும் எடுத்துவிட்டார். ஆலோசகரின் முகம் மலர்ந்தது. "இத்தாலி!" என்றார். மனேச்சரும் "இத்தாலி!" என்றார். அடுத்த கிழமை எங்களுக்கு ஒரு டொலர் போய்விட்டது.

"அண்ணை, உங்களை ஆர் இத்தாலியைக் கேட்டது?" என்று சாந்தி சாப்பாட்டு அறையில் பாய்ந்தாள்.

"உண்மையை எப்பிடி மறைக்கிறது, பிள்ளை?"

"ஒரு டொலருக்கு மறைக்கலாம்!"

ஒரு மாதம் அவரோடு ஒருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. நானும்தான்.

வைகாசியில் சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்னது. அன்று லைனில் அழாதவர்கள் குறைவு. அதற்குப் பிறகு ஒரு நாள் புதிதாக ஒரு பிலிப்பைன்ஸ்காரர் வேலைக்கு வந்தார். றேற் அண்ணை அவருக்குப் பெட்டி மடிக்கும் விதத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். றேற்றைக் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இத்தாலியை அந்த நிமிடமே மன்னித்துவிட்டேன்.

ஆனி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவருடைய போன் அடித்தது. எடுத்தவர் அப்படியே எழும்பி நின்றார். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினார். வன்னிச் சனத்தை அடைத்துவைத்திருந்த முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த போனில் அக்கா.

"தம்பி, நான் இருக்கிறன். பிள்ளையளும் இருக்குதுகள்." இரைச்சலுக்குள்ளால் அவரே தொடர்ந்து கேட்டார். "நீ உங்கை கஷ்டப்படுறியோ?"

"எனக்கென்ன கஷ்டம் அக்கா? நான் இஞ்சை மனேச்சர். மணித்தியாலத்துக்கு முப்பது டொலர். என்ன வேணுமெண்டாலும் யோசிக்காமல் கேளுங்கோ."

இத்தாலிக்காக எங்கள் டொலரைத் தொலைத்த மனிதர்! சாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். உண்மையான மனேச்சர் கதவடியில் நின்று, என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். அக்கா உயிரோடு இருக்கிறாராம் என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

மணித்தியாலத்துக்கு முப்பது டொலர் வாங்குகிறவர் அனுப்புகிற மாதிரி அனுப்பவும் வேண்டுமே. அதற்கு ஒரே வழி சனிக்கிழமை ஓவர்ரைம். ஒன்றரை மடங்குச் சம்பளம் என்பதால் எங்கள் லைனில் அதற்கு அடிபிடி. சாந்தி கழுவும் அறையில் லைனில் நிற்கும் எங்கள் ஆறு பெண்களையும் கூட்டினாள். கூட்டம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. முதற்சனி சாந்திக்குக் காய்ச்சல். அடுத்த சனி இன்னொருத்திக்குப் பல்லுக்கொதி. மூன்றாவது சனி எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் மனேச்சருக்கு மாற்றாளாக றேற் அண்ணைதான் அகப்பட்டார்.

அந்தச் சனி காலை, தேநீர் இடைவேளையில் எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, முதுகு நோவோ?"

"ஓம் அண்ணை. எழும்ப ஏலாமல் கிடக்கிறன்."

"ம். முதல் காய்ச்சல். பிறகு பல்லு. இப்ப முதுகு. ஸ்காபரோவிலை சனிக்கிழமையிலை வருத்தம் கூடிற ஒரு போக்குத் தெரியுது."

பின்னால் லைன் தொடங்கும் மணி அடித்தது.

"சரி, படு. வடிவாய் மூடிக்கொண்டு படு" என்றார்.

வருத்தமில்லாத முதுகோடு பத்து மணி வரைக்கும் போர்த்துக்கொண்டு படுத்திருந்தேன், அவர் சொன்னார் என்பதற்காக.