கன்னத்தில் ஈரம் பார்ப்பவர்

தன் தொழிலில் தேறிவிட்டதாலேயே அடுத்தவன் தொழிலும் தனக்கு அத்துப்படி என்று நம்பும் ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் இந்த இனத்துக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை.

ஆம்பூர் பச்சையப்பன் இதில் முதல் தரம். தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி. காயப்போட்ட தோலை எடுத்துக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, "ஈரம் ஜாஸ்தி" என்றால் தோல் மறுபடி வெயிலுக்குப் போகும். "பதம்" என்றால் மெருகுக்குப் போகும். முதலாளியே வாய் திறக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட கன்னத்தை அவர் சும்மா விடுவாரா? துவைத்த வேட்டி, உலர்த்திய வடகம், பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகப் பூசிய சுவர் என்று எல்லாவற்றிலும் வைத்துத் தீர்ப்புச் சொன்னார். சுண்ணாம்பு ஒட்டிய கன்னத்தோடு வேலைக்குப் போன நாளும் உண்டு.

ஐம்பத்தாறாம் வருஷம் கார்த்திகைக் கடைசியில் வேர்க்கடலை பிடுங்கியாயிற்று. கொடி இரண்டு வண்டி. அவர் மனைவி மீனாம்பாளின் கறவை எருமைக்கு ஆடி வரைக்கும் அதுதான் தீனி. வேறு வழி கிடையாது.

"இன்னும் நாலு வெயில் காயட்டும், அப்பறம் போர் போட்லாம்" என்றாள் அவள்.

பச்சையப்பன் ஒரு கைப்பிடி எடுத்தார். கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடினார்.

"பதம் வந்துட்ச்சி. இதுக்கு மேல காய்ஞ்சா வெடிப்பு வுடும்."

"இது தோலு இல்லியே, மல்லாட்டைக் கொடி."

"ஈரம் எங்க இருந்தாலும் ஈரந்தாண்டி. இருவது வருஷமா பாக்கறேன்."

போர் போட்டு, மேலே ஏறி மிதித்து, டேனரியில் தோலை அடுக்கி மூடுகிற வழக்கப்படியே காற்றுப் புகாமல் கோணிச் சாக்கால் இறுக்கி மூடினார்.

ஆறாம் நாள் காலைப் பனியில் போரிலிருந்து ஆவி எழுந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, கதகதன்னு கீது! குளிருக்கு எருமைக்கு இதமா இருக்கும்." ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. மீனாம்பாள் போருக்குள் கையை விட்டாள். சுட்டதும் வெடுக்கென்று இழுத்தாள். கையோடு வந்தது கறுத்து வெந்த கொடி, அதன்மேல் வெள்ளைப் பூசணம். எருமை ஒரு தரம் முகர்ந்தது. உஸ்ஸென்று மூச்சு விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீனாம்பாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பச்சையப்பன் அவள் முன்னால் போய்க் கன்னத்தைக் காட்டினார். "இதுக்குத் தோலு தெரியும், தீனி தெரியாது. நாலு அறை வுடு. அதுக்காவது ஒதவட்டும்."

அவள் அடிக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எருமை குடியாத்தத்தில் இருந்த அவள் தம்பி வீட்டுக்குப் போயிற்று. ஆடி வரைக்கும் வீட்டில் வரக்காப்பிதான். யாராவது வந்தால் தம்ளரை நீட்டி, "மேஸ்திரி பதம் பாத்த காப்பி, பாலு கெடையாது" என்று தானே முந்திக்கொண்டு சிரிப்பார். மீனாம்பாள் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருத்தி, வேண்டாம் என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நீங்கள் கண்ணை மூடிச் சொன்ன தீர்ப்புக்கு அடங்கி, எதையோ மூடி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம். எழுந்து போய் அதற்குள் கையை விட்டுப் பாருங்கள். சுடுகிறதா?