வெந்தயம் போட்ட மோட்டார் கார்

மோட்டார் காரை ஆட்டுக்கல்லில் அரைத்துச் செய்த மனிதர் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் எதிர் வீட்டில் இருந்தார். மயிலாப்பூர் முழுக்க அவருக்குப் பெயர் சாசி மாமா.

எங்கோ ஏலத்தில் ஒரு காரின் சாசியை மட்டும் எடுத்துவிட்டார். நாலு சக்கரம், ஒரு இஞ்சின், ஸ்டியரிங், அவ்வளவுதான். மேலே உடம்பு கிடையாது. சாப்பாட்டு மணையை அதன்மேல் கயிற்றால் கட்டி, ஒரு கையில் குடையோடு மாட வீதியில் பவனி வருவார்.

அப்போதுதான் அவர் பெண்ணுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, அடியேன்தான். தெருவைத் தாண்டினால் சம்பந்தி வீடு. அதற்காக என் அப்பா விடுவாரா?

"மாப்பிள்ளையை உக்கார வச்சு ஜானவாச ஊர்வலம் கார்லதான் நடக்கணும். கதவெல்லாம் வச்சுக் கௌரவமா இருக்கணும். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கறேன்."

"நம்மாத்துக் கார்லயே ஜாம்ஜாம்னு நடத்திடலாம்" என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். வாடகைக் கார் என்று யாராவது வாயைத் திறந்தால் எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

முதலில் சிந்தாதிரிப்பேட்டைக் கொல்லரிடம் போனார். "இரும்புல செஞ்சா நல்லாத்தான் இருக்கும் சாமி. ஆனா இந்த இஞ்சின் இழுக்காது. நீதான் பின்னாலேந்து தள்ளிக்கினு வரணும்" என்றார் அவர். அடுத்தது மண்ணெண்ணெய்த் தகரம். வண்டி கிளம்பினால் தெருக் குழந்தைகள் தூக்கத்தில் வீரிட்டன. பிறகு பிரம்பு. ஒரு தடவை ஏறி உட்கார்ந்த மாமி, "ஏன்னா, சந்தைக்குப் போற கத்திரிக்கா மாதிரி இருக்கு" என்று இறங்கிவிட்டாள்.

கல்யாணம் நெருங்கிவிட்டது. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயம் பரணிலிருந்து மாமி எடுத்த காகிதக்கூழ் கூடை கை தவறி மாமாவின் தலையில் விழுந்தது. கூடையும் உடையவில்லை, தலையும் உடையவில்லை.

"இதுல என்னடி போட்டே?"

"பழைய காகிதமும் வெந்தயமும். ஊறவச்சு அரைச்சு அப்பினேன்."

அவ்வளவுதான். தெருவில் ஒரு பத்திரிகை மிஞ்சவில்லை. எங்கள் வீட்டு ஆட்டுக்கல் உள்படத் தெருவில் இருந்த கல்லெல்லாம் காகிதம் அரைத்தது. மூங்கில் சட்டத்தின்மேல் கூழை அப்பி வெயிலில் காயவைத்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், அசல் கார்! வெந்தயம் போட்டதால் பூச்சி வராது, பெயிண்டும் வேண்டாம் என்றார் மாமா.

பூச்சி வரவில்லை. மாடு வந்தது.

நான் சூட்டும் கோட்டுமாக உள்ளே வீற்றிருந்தேன். நாதஸ்வரக்காரரின் நடைக்கு ஏற்றபடி வண்டி ஊர்ந்தது. கோயில் மாடு ஒன்று கூடவே நடந்து, இடது கதவை நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை, மாடும் நிறுத்தவில்லை. தெற்கு மாட வீதி திரும்புவதற்குள் கதவே இல்லை.

"ஓய், இது காரா, கழுநீர்த் தொட்டியா?" அப்பா ஊர்வலத்தை மறித்தார். "கல்யாணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இறங்குடா."

மாமா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, கதவு இருந்த ஓட்டையைத் தன் அங்கவஸ்திரத்தால் மறைக்கப் பார்த்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அதுவரை அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவன் நான்.

"மாட்டேன்ப்பா. இங்க காத்து நன்னா வரது" என்றேன். "மாமா, நீங்க ஓட்டுங்கோ."

ஊரில் எல்லோரும் பெண்ணைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொள்வார்கள். எனக்கு முதலில் பிடித்துப்போனது மாமனாரைத்தான். என் மனைவிக்கும் இது தெரியும். அவளுக்கு அதில் ரொம்பப் பெருமை.