வடக்கே கதாஸ்தர் வீடு

முகவரி என்ற ஒன்றையே நம்பாத மனிதர் புதுச்சேரியில் ஒருவர்தான். எங்கள் பக்கத்து வீட்டுக் கதாஸ்தர். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை அளந்து துண்டு துண்டாக்கிப் போட்டது கதாஸ்தர் எண். பிற்பாடு மறுபடி அளந்து போட்டது ரீசர்வே எண். எங்கள் ஊர்ப் பத்திரத்தில் இரண்டும் இருக்கும், நான்கு எல்லையும் இருக்கும். இவர் பேச்சிலும் அத்தனையும் இருக்கும். பெயர் வந்தது அப்படித்தான்.

காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் எங்கள் வீட்டுக்கு இவரிடம் போய் வழி கேட்டுவிட்டார், பாவம்.

"மொதல்ல ரெண்டு நம்பரையும் எழுதிக்க. கெழக்கே சந்து, மேற்கே டெய்லர் வீடு, தெற்கே காலி மனை, வடக்கே நானு."

"சார், செவுரு என்னா கலருன்னு சொல்லுங்க, போதும்!"

"கலரு நாளைக்கே மாறும். எல்லை மாறுமா?"

சிலிண்டர் மறுநாள்தான் வந்தது.

மாதா கோயிலில், பிரசங்கத்தின் நடுவே, பெஞ்சில் தன்னை இடித்து உட்கார்ந்தவரைக் காட்டி, "தெற்கே அரை சாண் ஆக்கிரமிப்பு" என்று என் காதில் ஓதுவார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் தொலைந்துபோனார்.

நோணாங்குப்பத்தில் படகேறி, பாரடைஸ் பீச்சுக்கு அவரையும் கூட்டிப் போயிருந்தோம். திரும்பும்போது ஆளைக் காணோம். எங்காவது எல்லைக்கல் நட்டிருக்கிறதா என்று தேடிப் போயிருக்கிறார்.

"இதான் கடைசி போட்டு. ரொம்ப நேரம் நிக்க மாட்டேன்" என்றார் படகுக்காரர். அவசரமாக அவருக்குப் போன் போட்டேன்.

"சார், எங்க இருக்கீங்க?"

"கெழக்கே கடலு. வடக்கே மணலு. மேற்கேயும் மணலு. தெற்கே ஒரு நாயி."

"நம்பர் எதுனா?"

"ஒரு கல்லு கூட இல்ல தம்பி..." குரல் இறங்கியது. "ஐயையோ, நாயும் எழுந்து போயிட்டுது."

என் மனைவி சட்டென்று தன் சிவப்புக் குடையை விரித்து, படகுத்துறையில் உயரமான இடமாகப் பார்த்து ஏறி நின்றாள்.

"மேற்கே செவப்புக் குடை! தெரியுது, தெரியுது!" போனில் ஒரே கூச்சல். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் அவர் ஓடிவந்த அழகுக்குப் படகே கைதட்டியது. ஏறியதும் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, கரை வரும்வரை குடைக்காம்பை விடவே இல்லை.

இப்போது காரைக்காலுக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். இங்கே வீட்டை வாங்கியவர் தன் பெயரைப் பளிங்கில் பொறித்து வாசலில் பதித்திருக்கிறார். பதிக்கட்டும். என்னிடம் யார் வழி கேட்டாலும், "வடக்கே கதாஸ்தர் வீடு" என்றுதான் சொல்கிறேன். எல்லையை மாற்ற எனக்கு மனசில்லை.