சோபாக்கா உட்கார்ந்த வரலாறு

மனித குலத்தின் ஆரோக்கியத்துக்கு மருத்துவர்கள் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் ஒரு நாற்காலிக் கடை ஆற்றிய தொண்டு அதைவிடப் பெரிது என்பதை வருங்காலம் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தக் கடையின் மேனேஜர் வருங்காலத்தைச் சும்மா விடமாட்டார்.

மூன்று மாடிக் கடை அது. கீழே சோபா, நடுவில் சாப்பாட்டு மேசை, மேலே கட்டில். வாசலில் ஆளுயரப் பலகை: 'வாருங்கள், அமருங்கள்.' உள்ளே, அமர வந்தவர் கண்ணில் படாத ஒரு மூலையில் சின்னதாக இன்னொரு பலகை: 'பணியாளர்கள் அமரக் கூடாது.' இரண்டும் முரண் என்று நினைப்பவருக்கு வியாபாரம் தெரியாது. பக்கத்தில் ஒருவர் நின்றால்தான் உட்கார்ந்திருப்பவருக்கு உட்காருவதன் சுகம் தெரியும். சுகம் தெரிந்தால்தான் விலை படியும்.

சோபாப் பிரிவில் நின்றே பழகியவளை எல்லோரும் சோபாக்கா என்றே கூப்பிட்டார்கள். "உக்காந்து பாருங்க சார், எழுந்திரிக்கவே மனசு வராது" என்று அவள் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அவள் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. எல்லாம் கேள்வி ஞானம். காலையில் அவள் காலுக்குச் சரியாக இருந்த செருப்பு, சாயங்காலம் வேறு யாருடைய செருப்போ என்று தோன்றும். கணவன் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான். ஆகவே கால் வீங்கலாம், சம்பளம் நிற்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்குள் ஆரோக்கியம் நுழைந்தது முதலாளியின் ரத்தம் வழியாக. டாக்டர் முதலில் முதலாளியின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார், பிறகு கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். சர்க்கரை எக்கச்சக்கம். உடம்பை அசைக்க வேண்டும், வாயைக் கட்ட வேண்டும். முதலாளி மனம் திருந்தியவராகக் கடைக்கு வந்து, சுழல் நாற்காலியில் சாய்ந்து, மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் அவர் மனைவியின் தம்பி.

"மாப்ள, ஆரோக்கியம் ரொம்ப முக்கியம்."

"ஆமா அத்தான்."

"நாளையிலேர்ந்தே ஆரம்பிச்சிடணும்."

"நடக்கப் போறீங்களா அத்தான்?"

"எனக்கு ஏதுடா நேரம்? ஸ்டாஃபை ஆரம்பிக்கச் சொல்லு."

மறுநாள் காலை 'ஆரோக்கியப் புரட்சி' தொடங்கியது. மின்தூக்கி வாடிக்கையாளருக்கும் சரக்குக்கும் மட்டும் என்று ஆனது. பணியாளர்கள் படியேறி இதயத்தைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு இடைவேளை அரை மணியிலிருந்து பத்து நிமிடமாகச் சுருங்கியது. சாப்பாட்டு அறையில் இருந்த பெஞ்சு வெளியே போனது. புதுச் சரக்கு உள்ளே வந்தது. அந்த அறைக் கதவில் மேனேஜர் தன் கையாலேயே ஒரு வாசகம் எழுதி ஒட்டினார்: 'இடைவேளை குறைந்தால் இடை குறையும்.' தமிழில் இப்படி யாரும் எழுதியதில்லை என்று அவர் பெருமைப்பட்டார். எழுதாதவர்கள் யோசித்துத்தான் எழுதாமல் இருந்திருக்கிறார்கள்.

புரட்சி வீணாகக் கூடாதல்லவா. வணிகர் சங்கம் அந்த ஆண்டு 'ஆரோக்கிய நிறுவனம்' என்று ஒரு கேடயம் அறிவித்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: கடையில் இருக்கும் எல்லோருக்கும் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. அதிகம் பேருக்குச் சர்க்கரை குறைந்த கடைக்குக் கேடயம். சங்கம் அனுப்பிய நர்ஸம்மா வந்து எல்லோர் விரலிலும் குத்தினார். பாதிப் பேருக்குச் சர்க்கரை. சோபாக்காவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

மேனேஜர் இரவெல்லாம் விழித்து ஒரு சுற்றறிக்கை தயாரித்து, காலையில் எல்லோரையும் நிற்கவைத்து (நின்றுகொண்டுதான் இருந்தார்கள்) வாசித்தார்: "அடுத்த பரிசோதனையில் சர்க்கரை குறையாத எவருக்கும், பதவி பாராமல், நீண்ட ஓய்வு வழங்கப்படும்." 'பதவி பாராமல்' என்பது கம்பீரத்துக்காகச் சேர்த்தது.

கட்டில் பிரிவு அண்ணன் கையைத் தூக்கினார். "ஓய்வுன்னா சம்பளத்தோடயா சார்?"

"ஓய்வுல எதுக்குங்க சம்பளம்? வீட்டிலயே இருந்தா செலவே இருக்காதே."

முடிவுத் தாளில் மேனேஜரின் கையெழுத்து வாங்க வந்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸம்மாவைச் சோபாக்கா வாசலில் மடக்கினாள்.

"அம்மா, இது எப்படிம்மா குறையும்?"

"வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. உக்காந்து, மெதுவா மென்னு சாப்பிடுங்க. காய் நிறையச் சேத்துக்கங்க. சாயங்காலம் கொஞ்சம் நடங்க."

"சாயங்காலம் நான் நின்னுட்டு இருப்பேனே."

"நிக்கறது வேற, நடக்கறது வேறம்மா."

"எங்க மேனேஜர் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லியிருக்காரு."

நர்ஸம்மா மேனேஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரலில் குத்தாமலே போய்விட்டார்.

சொன்னதெல்லாம் நியாயம்தான், வைத்துக்கொள்ளத்தான் இடமில்லை. பகல் சாப்பாடு எப்போது என்பது மதியம் வரும் வாடிக்கையாளர் எப்போது எழுந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பல நாள் மூன்றரை ஆகும். படிக்கட்டில் நின்றபடி டப்பாவைத் திறந்து விழுங்க வேண்டும். மெல்லுவதற்கெல்லாம் நிர்வாகம் நேரம் ஒதுக்கவில்லை. வேலை முடிந்து பஸ் இறங்கும்போது காய்கறிக் கடைகள் சாக்கு போட்டு மூடியிருக்கும். பேக்கரி மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும். பசித்தவள் பன்னைத்தான் வாங்குவாள். நடக்கலாம் என்றால் நடைபாதையில் கார்கள் தூங்கிக்கொண்டிருக்கும். பூங்காவை, பூங்காவின் நலன் கருதி, இருட்டியதும் பூட்டிவிடுவார்கள். தெருநாய்கள் மட்டும் அவள் ஆரோக்கியத்தில் அக்கறை கொண்டு கொஞ்ச தூரம் ஓடவிடும்.

அவள் புலம்பலைக் கேட்டவள் கீழ் வீட்டில் குடியிருந்த நாத்தனார். அவளுக்குச் சந்தையில் காய்கறி வியாபாரம். பகலுக்குள் விற்றுத் தீர்த்துவிடுவாள். அவளிடம் பேரம் பேசப் போனவர்கள், சொன்ன விலைக்கும் மேலே கொஞ்சம் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவார்கள்.

"உங்க கடையில யாரு உக்காரலாம் அண்ணி?"

"வாங்க வந்தவங்க."

"வாங்க வந்தவங்க சொன்னா நீங்க கேக்கணுமா?"

"கேக்காம? வாடிக்கையாளர் பேச்சைத் தட்டக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. தட்டினா அன்னிக்கே வீட்டுக்குத்தான்."

"நல்ல உத்தரவு," என்றாள் நாத்தனார். "நல்ல மனுஷன்."

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு ஒரு பெரிய கூடையோடு அவள் கடைக்குள் வந்தாள். இருப்பதிலேயே பெரிய சோபாவில் உட்கார்ந்தாள். முன்பின் பார்த்திராதவள் மாதிரி சோபாக்காவைப் பார்த்தாள்.

"ஏம்மா, மூணு பேர் சோபான்னு போட்டிருக்கு. நான் ஒருத்தி உக்காந்தா எனக்கு எப்படித் தெரியும்? நீங்களும் உக்காருங்க."

சோபாக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். வாடிக்கையாளர் பேச்சைத் தட்டக் கூடாது. உட்கார்ந்தாள். அத்தனை வருடமாக அவள் ஊராருக்குச் சொல்லிவந்தது சத்தியமான வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது: எழுந்திரிக்க மனசு வரவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "அக்கா, என்ன இது?"

"நான்தான் உக்காரச் சொன்னேன்," என்றாள் நாத்தனார். "ஏன், என் பேச்சைத் தட்டச் சொல்றீங்களா?"

மேனேஜர் மேலே கேமராவைப் பார்த்தார். கேமராவுக்குப் பின்னால் முதலாளி இருப்பார். "சேச்சே, தாராளமா" என்றார்.

"அப்படியே சாப்பாட்டு மேசையும் பாக்கணும். இந்த அம்மா விவரமா சொல்றாங்க, இவங்களே வரட்டும்."

நடு மாடியில் ஆறு பேர் மேசை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஆறு பேர் மேசை என்றால் ஆறு பேர் முழங்கை இடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? மேலிருந்து இறங்கி வந்த கட்டில் அண்ணன் உட்பட அங்கே நின்ற நாலு பேரும் அழைக்கப்பட்டார்கள். சாப்பாட்டு மேசையில் சாப்பிட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது? கூடை திறந்தது. வேகவைத்த காய், கீரை, முட்டை. அவரவர் டப்பாக்களும் வந்தன. எல்லோரும் உட்கார்ந்து, மெதுவாக மென்று, மேசையைப் பரிசோதித்தார்கள்.

நாத்தனார் பேரத்தைத் தொடங்கினாள். "நீங்க சொன்ன விலை நாலு காலுக்குமா, ஒரு காலுக்கா?"

"மேசைக்கும்மா. முழு மேசைக்கு."

"அப்போ கால் வேண்டாம். கழிச்சுட்டுச் சொல்லுங்க."

இடைவேளை முடிந்தும் பேரம் முடியவில்லை. நாளைக்கு வீட்டில் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். சொன்ன சொல் தவறாமல் நாளைக்கும் வந்தாள்.

விஷயம் காதும் காதும் வைத்த மாதிரிப் பரவியது. கட்டில் அண்ணனின் மாமியார் ஒரு மெத்தையைப் பார்க்க வந்து, வலப்பக்கம் ஒருநாள், இடப்பக்கம் ஒருநாள் என்று பார்த்தார். மருமகனைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக் கருத்துக் கேட்டார். ஒருவரின் சித்தி, இன்னொருவரின் மச்சினி, மூன்றாமவரின் சம்பந்தி என்று வேளாவேளைக்கு உறவுகள் மேசை வாங்க வந்தன. இரவு ஒரே பக்கம் போகிறவர்கள் சேர்ந்து முன்னதாகவே பஸ் இறங்கி, நடுத்தெருவில் பேசிக்கொண்டே நடந்தார்கள். தனியாக வந்தவளைத் துரத்திய நாய்கள், கூட்டத்தைப் பார்த்ததும் கண்ணியமாக ஒதுங்கின. நாத்தனார் வீட்டுக் காய் வாசலிலேயே கிடைத்ததால் பேக்கரிக்காரர் ஒரு வாடிக்கையாளரை இழந்தார்.

முதலாளி கேமராவில் பார்த்துப் பூரித்தார். "மாப்ள, கூட்டம் அள்ளுதுடா."

"கூட்டம் இருக்கு அத்தான். ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க."

"கூட்டத்தைப் பாத்துட்டு வர்றவன் வாங்குவான். இவங்களை எழுப்பாத."

உண்மைதான். தெருவில் போனவர்கள் கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்து, வாங்கிக்கொண்டும் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது பரிசோதனை. முடிவு அறிவிக்கும் விழா கடையிலேயே. சங்கத் தலைவரும் பெரிய மனிதர்களும் விற்பனை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பணியாளர்கள் சுவரோரம் நின்றார்கள். முதலாளி எழுந்து (சற்று நேரம் பிடித்தது) படிக்கட்டு, பத்து நிமிடம், இடை, இடைவேளை என்று தன் சாதனையை விளக்கினார்.

நர்ஸம்மா காகிதத்தைப் பிரித்தார். "எல்லாருக்கும் குறைஞ்சிருக்கு. ஒருத்தருக்கு மட்டும் ஏறியிருக்கு."

முதலாளியின் கண் சுவரோரமாகப் போய்ச் சோபாக்காவிடம் நின்றது. கூடை, மேசை, நடை எல்லாம் பொய்த்துவிட்டதா?

"மனசுக்கு வருத்தமாத்தான் இருக்கு," என்றார் முதலாளி. "ஆனா ஆரோக்கியத்துல தாட்சண்யம் கிடையாது. மாப்ள, அதை வாசி."

மேனேஜர் கணீரென்று வாசித்தார்: "சர்க்கரை குறையாத எவருக்கும், பதவி பாராமல்..."

"அவங்க இல்லைங்க," என்றார் நர்ஸம்மா முதலாளியைப் பார்த்து. "அது நீங்க."

மேனேஜர் 'நீண்ட ஓய்வு' என்ற இடத்தில் நிறுத்தி, காகிதத்தை நாலாக மடித்தார். சோபாக்காவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சோடு ஆறுதலாகச் சொன்னாள்: "கவலைப்படாதீங்க முதலாளி. வீட்டில இருங்க, கடையை நாங்க பாத்துக்கறோம். ஓய்வுல செலவே இருக்காதாம்."

சங்கத் தலைவர் இருமினார். இருமலா சிரிப்பா என்று சங்கத்தில் இன்றுவரை தீர்மானம் நிறைவேறவில்லை. சுற்றறிக்கை 'நிர்வாகக் காரணங்களுக்காக' அன்றே திரும்பப் பெறப்பட்டது. மற்றபடி ஒன்றும் மாறவில்லை. பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருந்தது. சின்னப் பலகை அதே மூலையில் இருந்தது. கடைக்கே கிடைத்த, 'ஊழியர் நலம் காத்த ஆரோக்கிய நிறுவனம்' என்று பொறித்த கேடயத்துக்கு மட்டும் உரிய மரியாதை செய்தார்கள்: கடையிலேயே உயர்ந்த தோல் நாற்காலியைத் துடைத்து வாசலுக்கு நேராகப் போட்டு, அதில் சாய்த்து வைத்தார்கள். பக்கத்தில் நின்று அதன் பெருமையைச் சொல்லும் பொறுப்பு சோபாக்காவுக்கு.

மறுநாள் மதியம் நாத்தனார் கூடையோடு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். நிற்கிற அண்ணியைப் பார்த்தாள்.

"இது என்ன விலைங்க?"

"அது விற்பனைக்கு இல்லைம்மா," என்றார் மேனேஜர் பெருமிதத்தோடு. "எங்க ஸ்டாஃபோட ஆரோக்கியத்துக்காகக் குடுத்த கேடயம், அதான் உக்காரவெச்சிருக்கோம்."

"அப்படியா," என்றாள் நாத்தனார். "அப்போ அதைக் கொஞ்சம் எழுந்திரிக்கச் சொல்லுங்க. ஸ்டாஃப் உக்காரணும்."