வால்வு ரெண்டும் சரியில்லை

பொய் சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று யார் சொன்னது? நான் வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு பொய் சொன்னேன். அது சிங்கப்பூரிலிருந்து என் மகனை விமானம் ஏற்றி, திருச்சியில் இறக்கி, காரைக்குடியில் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. வாயைத் திறந்து நான் சொன்ன எந்த உண்மைக்கும் அந்தச் சக்தி இருந்ததில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் இரண்டு தடவை படித்தேன். (பாடம் புடிச்சுப்போயி இல்ல.) என் வீட்டுக்காரர் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் அவருக்கு டீ கொண்டுபோனவள், அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து ஈயம் பற்றவைக்கப் பழகிக்கொண்டேன். வடகம் பிழிவதைவிடச் சுலபம். கை நடுங்கக்கூடாது, பக்கத்தில் யாரும் பேசக்கூடாது, அவ்வளவுதான். அவர் பேசவே மாட்டார். அதனால் வேலை நன்றாக நடந்தது.

அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. காரியம் முடிந்த கையோடு என் மகன் செந்தில் சொன்னான்: "அம்மா, அந்தக் கரண்டுச் சாமானையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுரு. ஒத்தையில இருக்குற வீட்டுல ஷாக்கடிச்சா யாரு வந்து பாப்பா?"

"போட்டுட்டேம்ப்பா" என்றேன். (போட்டேன். கட்டிலுக்கு அடியில போட்டேன்.)

ஒற்றை ஆளுக்குக் குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை ஆட்டின மாவு சனிக்கிழமை வரைக்கும் கூடவே வரும். வீட்டில் என்னோடு பேசும் ஒரே ஜீவன் குக்கர். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை செந்தில் போன் பண்ணுவான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அங்கிட்டு மழையா. நாலு நிமிஷம். அவனைக் குறை சொல்லவில்லை. கேட்பதற்கு வேறு என்ன இருக்கிறது? என் முழு வாழ்க்கையும் அந்த மூன்று கேள்விக்குள் கச்சிதமாக அடங்கிவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் அமராவதிபுதூரிலிருந்து ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வந்தார். அவரிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. வால்வு என்றால் கண்ணாடிக் குழாய். பல்பு மாதிரி இருக்கும், உள்ளே எரியும், பாட்டைப் பெரிதாக்கும். அவருக்கு ஒரு ஜோடி வேண்டும். சும்மா இரண்டு எடுத்துக் கொடுத்தால் ஆகாது. இரண்டும் ஒரே அளவு கரண்ட் இழுக்க வேண்டும். ஒன்று இழுக்க மற்றொன்று சும்மா நின்றால் பாட்டு நொண்டும். என் கட்டிலுக்கு அடியில் அறுபது வால்வு கிடந்தது. எது எதற்கு ஜோடி என்று சொல்கிற மிஷின் மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் வைத்திருந்தது அவருக்கு முன்னாலேயே புகைந்து போயிருந்தது.

"மிஷின் இல்லாட்டி விடுங்க, பரவாயில்ல" என்றார் வாத்தியார்.

"செஞ்சிட்டாப் போச்சு" என்றேன் நான், ஏதோ பணியாரம் சுடுகிற மாதிரி.

மூன்று மாசம் ஆனது. பெட்டிக்கு என் எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியையே எடுத்தேன். கடுகும் சீரகமும் பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிபோயின. மூடியில் இரண்டு ஓட்டை போட்டு வால்வு உட்காரும் சாக்கெட்டை வைத்தேன். பக்கத்துக்கு ஒரு மீட்டர், நடுவில் ஒரு திருகு. டிரான்ஸ்ஃபார்மருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடைக்குப் போனேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அப்பத்தா, கிரைண்டரா, மிக்ஸியா?"

"ரெண்டுமில்ல. ஒரு பக்கம் எரநூத்தம்பது வோல்ட்டு, இன்னொரு பக்கம் ஆறு புள்ளி மூணு."

"ஒங்க வீட்டுல யாரு சொல்லிவிட்டா?"

"எங்க வீட்டுல நாந்தேன் இருக்கேன். நாந்தேன் சொல்லிவிட்டேன்."

மிஷின் வேலை செய்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. குக்கரிடம் சொன்னேன்.

ஜோடி பார்ப்பதற்குப் பத்துப் பொருத்தம் வேண்டாம், ஜாதகம் வேண்டாம். இரண்டு வால்வையும் ஏற்றிவிட்டு இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சூடேறிய பிறகுதான் அதனதன் குணம் தெரியும். (மாப்பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பொட்டி இருந்திருந்தா எத்தன பொம்பளைக பொழச்சிருப்பாக.) நல்லது மீட்டரில் நாற்பது மில்லியாம்ஸில் நின்றுவிடும். கெட்டது ஏறிக்கொண்டே போய், வயிறு சிவந்து, தணலாகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒன்று சிவந்துகொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

"என்னம்மா, கொரலே ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வால்வு ரெண்டும் சரியில்ல."

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். அதற்குப் போன மாசம்தான் என் நாத்தனாருக்கு மதுரையில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். எங்கள் குடும்பத்தில் அப்போது வால்வு என்றால் ஒரே வால்வுதான்.

"எப்பயிருந்தும்மா?"

"மூணு மாசமாப் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன். ஒண்ணு நாப்பது காட்டுது, இன்னொண்ணு அறுவதத் தாண்டுது. சூடாச்சுன்னா செவந்து போகுது."

"மூணு மாசமாவா! யாரும்மா பாக்குறா?"

"யாரு பாப்பா? நாந்தேன் பாத்துக்கிறேன்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"ஒனக்கு வேல இருக்கும்லப்பா. விடு, மாத்திக்கிறலாம். ரஷ்யாவுலயிருந்து வர்றது நல்லா உழைக்குமாம்."

செந்தில் அழுதுவிட்டான். நாற்பத்திரண்டு வயசு ஆள், போனில் மூக்கை உறிஞ்சுகிறான். "நான் வாரேம்மா. நாளைக்கே லீவு சொல்லிட்டு வாரேன்" என்றான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சத்தியமாக அதற்கு முன்னால் புரியவில்லை. "டேய், இது பொட்டி வால்வுடா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாலு வார்த்தை. ஆனால் 'நான் வாரேம்மா' என்று அவன் சொல்லி நான் கேட்டு மூன்று வருஷமாகிறது. வாயை மூடிக்கொண்டேன்.

"பாத்து வாப்பா" என்றேன்.

அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டு மைமூன் மூச்சிரைக்க ஓடிவந்தாள். செந்தில் அவளுக்குப் போன் போட்டிருக்கிறான். "யக்கா! நடக்காதீக, உக்காருங்க! வால்வு போச்சாம்ல?" என்றவள், மேஜையில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள்.

"யா அல்லா. இந்த வால்வா?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசுறதா? புள்ள அங்க கெடந்து துடிக்கிறான், நீங்க இங்க வெளக்கேத்தி வச்சு வேடிக்க பாக்குறீகளா?"

"மைமூனு, ஒம் மகன் தெனமும் ஒன் சோத்தத் திங்கிறான். ஒனக்கு இது புரியாது."

சாயங்காலம் ஒரு தூக்குவாளி நிறைய ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து வைத்தாள். "வால்வு சரியில்லாதவுகளுக்குச் சூப்பு நல்லதாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செந்தில் வந்தான். அந்த இரண்டு நாளை என்ன சொல்ல! என்னைத் தண்ணீர் தூக்க விடவில்லை, குனிய விடவில்லை. அவனே ரசம் வைத்தான். அது ரசமா கழுநீரா என்று தெரியவில்லை, இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். அஞ்சறைப் பெட்டி எங்கே என்று கேட்டான். "ஓட்ட விழுந்து போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டேம்ப்பா" என்றேன். (அது என் கட்டிலுக்கு அடியில, அவன் படுத்திருந்த எடத்துக்கு ஒரு மொழம் தள்ளி இருந்துச்சு.) ராத்திரி பக்கத்தில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்டது. அதற்காக உண்மையான வால்வே போனாலும் பரவாயில்லை என்றிருந்தது. எப்படியும் மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் தெரிந்துவிடும், பிறகு இவன் என் பேச்சை எந்த ஜென்மத்திலும் நம்பமாட்டான் என்பதும் தெரிந்தே இருந்தது. இருந்தாலும் மறுநாள்தானே.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர். "எக்கோ எடுக்கணும்" என்றார்.

"எங்க கடையிலயும் எக்கோ இருந்துச்சு. கச்சேரிக்கு வைப்போம்" என்றேன். செந்தில் என் கையைப் பிடித்து, "பயத்துல உளறுது டாக்டர்" என்றான்.

ஜில்லென்று எதையோ நெஞ்சில் தடவி, திரையைப் பார்த்து, திருப்பிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் சிரித்தார். "அம்மா, ஒங்களுக்கு நாலு வால்வும் அருமையா இருக்கு."

நான் அங்கேயும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். 'கடவுள் புண்ணியம்' என்று கும்பிட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே. நாலு என்றதும் சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாலும் ஒன்றுக்கொன்று ஜோடியாகக் கிடைப்பது எவ்வளவு அபூர்வம்!

"நாலும் ஒரே அளவு காட்டுதா டாக்டர்?"

"என்ன அளவும்மா?"

"மில்லியாம்ஸு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். செந்தில் மெதுவாக என் பக்கம் திரும்பினான். மைக்செட்காரர் மகன். மில்லியாம்ஸ் என்றால் என்னவென்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"அம்மா. பழைய இரும்புக்குப் போட்டியா, இல்லையா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்று ஒப்பித்ததுபோல நின்றுகொண்டே சொன்னேன். டாக்டர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்தாள். அவளுக்கு விளக்கினார். அவள் போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். ஒரு டாக்டர் அந்தப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவனைத் தவிர.

மதுரையிலிருந்து காரைக்குடி இவ்வளவு தூரம் என்று அன்றுதான் தெரிந்தது. காரில் செந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. திருப்பத்தூரில் டீக்கடையில் நிறுத்தினான். ஒரு டீயை என்னிடம் நீட்டிவிட்டு அங்கிட்டுப் போய் நின்று குடித்தான். யாருமில்லாத வீட்டில் பேசாமல் இருப்பது ஒரு மாதிரி. பக்கத்தில் மகனை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது வேறு மாதிரி. முதலாவதே மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து அவனே பெட்டியை இழுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பற்றவைத்த இடங்களை விரலால் தடவினான்.

"யாரு செஞ்சது?"

"நாந்தேன்."

"டிராயிங்கு?"

"தலையில."

பிளக்கைச் சொருகினான். இரண்டு வால்வை எடுத்து வைத்தான். வைக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டான்; ஷாக் அடித்தால் நெஞ்சு வழியாகப் போகாமலிருக்க அவன் அப்பா பழக்கியது. அவனுக்கு அது மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து, இரண்டு குழாயும் சூடேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா, 'வா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டனா?"

"வந்திருப்ப. அங்க என்னான்னு லீவு கேப்ப? 'எங்காத்தாவுக்குப் பொழுது போகல'ன்னா குடுப்பாகளா?"

மீட்டர் இரண்டும் ஏறி, நாற்பத்தொன்றில் நின்றன. இரண்டும் நாற்பத்தொன்று. வாத்தியாருக்கு அந்த ஜோடிதான் போனது.

அதிலிருந்து மூன்றாம் நாள் அவன் கிளம்பினான். மிச்சமிருந்த லீவு மொத்தமும் என் வால்வுக்குச் செலவாகிவிட்டதால் அந்தப் பொங்கலுக்கு அவன் வரவில்லை. பொய்க்கு விலை உண்டு. பொங்கலை நானும் குக்கரும் கொண்டாடினோம்.

கதை சிங்கப்பூர் வரைக்கும் போய்விட்டது. இப்போது என் குடும்பத்தில் நான் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான். காய்ச்சல் என்றால், "ஒனக்கா, பொட்டிக்கா?" கால் வீங்கியிருக்கிறது என்றால், "ஒனக்கா, பொட்டிக்கா?" நாத்தனார்கூட, அவள்தான் நிஜமாகவே வால்வு மாற்றிக்கொண்டவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சிங்கப்பூரில் இருக்கிற என் பேத்திக்குத் தமிழே சரியாக வராது. இந்த இரண்டு வார்த்தையை மட்டும் சுத்தமாகச் சொல்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்துதான் போனில் இருந்தார்கள். என்னமோ வாய் தவறி, "ஒத்தையிலயே கெடக்குப்பா, ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"ஒனக்கா, பொட்டிக்கா?" என்றான் செந்தில். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. நானும் நன்றாகவே சிரித்தேன்.

"பொட்டிக்குத்தாம்ப்பா" என்றேன். "ஒரு வால்வுக்கு இன்னும் ஜோடி கெடைக்கல."