லுப்னா கண் சிமிட்டுகிறாள்

உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கப் போகிறேன். இப்போதே அல்ல. முதலில் கார். இல்லையில்லை, காருக்கும் முன்னால் கூஸ்கூஸ்.

எங்கள் மெக்னெஸ் ஊரில் வெள்ளி மதியம் கூஸ்கூஸ், அதாவது ஆவியில் அவிக்கும் கோதுமைக் குருணை, வேகாத வீடு வீடே அல்ல. உம்மாவுக்குக் கார் ஓட்டப் பழக ஆசை. பெண்களுக்கான வகுப்போ வெள்ளி காலை மட்டும்தான். நாளைக்குள் சேராவிட்டால் கடைசி இடமும் போய்விடும்.

"கூஸ்கூஸ் யார் செய்றது? எனக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது!" என்றார் வாப்பா இத்ரீஸ்.

வாப்பாவின் போனுக்கு ஒரு கருத்துக்கணிப்பு அனுப்பினேன். 'சமையலில் உதவுவீர்களா?' சூரியகாந்தி விதையைக் கொறித்தபடியே 'ஒருபோதும் இல்லை' என்று தட்டிவிட்டார். கூச்சமே இல்லை!

உம்மா சிரித்தார். "வெறும் கட்டத்துக்கு முன்னாடி எவன்டி வெட்கப்படுவான்? அதுக்கு ஒரு மூஞ்சியை வை."

கணிப்பில் ஒரு பொம்மைப் பெண் முகத்தை வைத்தேன். பெயர் லுப்னா. நீள இமை. குளியலறையில் ஒளிந்து என் போனில் நான் பேசினால் வாப்பாவின் போன் திரையில் அவள் உதடு அசையும். எனக்குக் கழுதை முதல் டிவி செய்திப் பெண் வரை எல்லாக் குரலும் வரும்.

"அஸ்ஸலாமு அலைக்கும், இத்ரீஸ் அவர்களே! சமையலில் உதவுவீர்களா?"

வாப்பா விதையைத் துப்பினார். சட்டைப் பொத்தானைப் போட்டார். தலை வாரினார். போனுக்கு!

"உதவறதாவது! வெள்ளிக்கிழமை கூஸ்கூஸே என் கைதாம்மா."

லுப்னா கண் சிமிட்டினாள். "அடடா! எத்தனை முறை ஆவி காட்டுவீர்கள்?"

"ஏ... ஏழு."

மூன்றுதான். நான் துண்டைக் கடித்துக்கொண்டேன்.

"மனைவி?"

"அவ ராணியாட்டம் வெளிய போய்ட்டு வருவா!"

"இதைக் குடும்பத்தாரிடம் சொல்லலாமா?"

"ஊருக்கே சொல்லுங்க!"

வெள்ளி காலை. உம்மா கைப்பையோடு வாசலில்.

"எங்க கிளம்பிட்டே?"

"வகுப்புக்கு. கூஸ்கூஸ் உங்க கைதானே? உங்க அக்கா ரெண்டு பேருக்கும் நீங்க பேசினதை அனுப்பிட்டேன். ஏழு ஆவியைப் பார்க்கப் பிள்ளைகுட்டியோட வர்றாங்க."

கதவு சாத்திக்கொண்டது. வாப்பா சட்டைப்பையிலிருந்து போனை உருவினார். நான் குளியலறைக்குப் பறந்தேன்.

"லுப்னாம்மா! அதை அழிச்சிடும்மா!"

"மன்னிக்கவும், இத்ரீஸ் அவர்களே..."

குரல் போனிலும் வந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்தும் வந்தது. வாப்பா மெதுவாகத் திரும்பினார். கதவைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லுப்னா, வெங்காயம் உரி."