மூக்கம்மா கூட்டிப் பெருக்கிய நிலம்

ஒரு காட்டில், அது காடுதான் என்று எந்தத் துறையும் எழுதிவைப்பதற்கு முன்பே காடாக இருந்த ஒரு காட்டில், மூக்கம்மா என்றொரு காட்டுப்பன்றி வாழ்ந்துவந்தது. ஓடைக்கரையில் அதற்கு ஒரு கிழங்கு நிலம் இருந்தது. கோடையில் காடே காய்ந்து கிடந்தாலும் அங்கே மூக்கை விட்டுக் கிளறினால் கிழங்கு கிடைக்கும். மூக்கம்மாவின் குட்டிகள் ஒவ்வொரு கோடையையும் தாண்டியது அந்த நிலத்தால்தான்.

அது மூக்கம்மாவின் நிலம் என்பதற்கு என்ன அத்தாட்சி? முகம் சுளிக்காமல் கேளுங்கள். அந்தக் காட்டில் யார் எங்கே மேய்கிறார்களோ, அந்த இடத்தின் ஓரத்தில் வெளிக்குப் போய்விட்டு வர வேண்டும். அது கிடக்கும்வரை இடம் அவர்களுடையது. அடுத்தவர் வந்தால் மோந்து பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போய்விடுவார். மானுக்குப் புழுக்கை, மயிலுக்கு எச்சம், பன்றிக்கு விட்டை. பெயர்தான் வேறு, பத்திரம் ஒன்றுதான். இந்த வழக்கத்தால் அங்கே ஒரு சண்டை வந்ததில்லை, ஒரு வக்கீலும் பிழைத்ததில்லை.

சிங்கம் ஆண்ட காலம் போய், துறைகள் ஆளும் காலம் வந்தது. பட்டா இல்லாத இடமெல்லாம் புறம்போக்கு என்று அறிவித்தார்கள். விலங்குகள் சும்மா இருக்கவில்லை. மனு கொடுத்தன, ஊர்வலம் போயின, சாலையை மறித்தன. மூக்கம்மா நடுரோட்டில் குட்டிகளோடு படுத்து, லத்தியடி பட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அரசு இறங்கிவந்தது. வழக்கப்படியான அடையாளம் நிலத்தில் கிடந்தால், அதையே ஆதாரமாக வைத்துப் பட்டா கொடுக்கலாம் என்று ஆணை போட்டது. நம்ப முடியவில்லை அல்லவா? எனக்கும்தான். ஆனால் ஆணை வந்தது.

நிலத்தைப் பார்த்துப் பதிவு செய்ய சமவெளியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. உடனே ஊர்த்தலைவரான மயில் கூட்டம் போட்டது.

"நம்ம ஊருக்கு மொத மொதல்ல ஒரு ஆபீசர் வர்றாரு. இந்தக் கோலத்துலயா வரவேற்கிறது? காலை வைக்க எடமில்லாம நாறிக் கெடக்கு. எல்லாத்தையும் அள்ளி ஓடையில தள்ளுங்க."

மூக்கம்மாவுக்கு உறுத்தியது. "தலைவரே, அதைத்தானே அவர் பாக்க வர்றாரு?"

"உனக்கு வெவரம் பத்தாது மூக்கம்மா. ஆணையில எழுதறது வேற, ஆபீசர் முன்னால நாம நடந்துக்கறது வேற. மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிற மனுசன் எந்தக் கையால கையெழுத்துப் போடுவாரு?"

கூட்டம் சிரித்தது. மூக்கம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன்னால் ஊர் மானம் போகக்கூடாது என்று, எல்லோரையும்விட அதுதான் மும்முரமாகக் கூட்டியது. ஓடைக்கரையில் ஒரு விட்டை மிச்சமில்லை. ஓடையும் தன் பங்குக்கு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்து விருந்து. விருந்தாளி சாப்பிட்டு முடிக்காமல் ஊரார் வாயில் எதையும் வைக்கக்கூடாது என்பது அந்தக் காட்டின் இன்னொரு வழக்கம். முதல் நாளிலிருந்தே எல்லோரும் பட்டினி. மூக்கம்மா அந்தக் கோடைக்கென்று விட்டுவைத்திருந்த கிழங்கு முழுவதையும் கிளறி எடுத்துக் குவித்தது. குட்டிகள் மூக்கை நீட்டின.

"பொறுங்கடா. பட்டா மட்டும் வரட்டும், அப்புறம் கேக்க ஆளில்ல" என்றது.

அதிகாரி வந்தார். எருமைதான். ஆனால் கழுத்தில் டேப்லெட் தொங்கியதால் 'வந்தார்' என்றே எழுதுகிறேன். வந்தவர் கிழங்குக் குவியலைப் பார்த்தார், உட்கார்ந்தார், அசைபோட்டார், மறுபடி சாப்பிட்டார். குவியல் தீர்ந்ததும் ஏப்பம் விட்டு எழுந்தார்.

"சரி, அடையாளத்தைக் காட்டுங்க. போட்டோ எடுக்கணும்."

ஊர் மொத்தமும் மயிலைத் திரும்பிப் பார்த்தது.

"நீங்க வர்றீங்கன்னு கூட்டிட்டோம் சார்" என்றது மயில்.

"ரொம்ப சுத்தமாத்தான் இருக்கு. ஆனா போட்டோ ஏத்தலைன்னா புறம்போக்குன்னு விழுந்துடும். சாயங்காலம் ஆப் மூடிக்கும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அதற்குப் பிறகு நடந்ததை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மொத்தக் காடும் அவரவர் இடத்துக்கு ஓடிப் போய்க் குந்தியது. மான் முக்கியது, முயல் முக்கியது, மயில் தோகையைத் தூக்கிக்கொண்டு முக்கியது. பட்டினி வயிற்றில் என்ன இருக்கும்? மூக்கம்மா கண்ணில் நீர் வர முக்கியது. வெறும் காற்றுதான் வந்தது. காற்றைப் படம்பிடிக்க அந்த ஆப்பில் வசதி இல்லை.

வெயில் சாய்ந்தது. தின்ற கிழங்கு அதிகாரியைச் சும்மா விடவில்லை. அவசரமாக ஓடைக்கரைப் புதருக்குப் பின்னால் போனவர், முகமெல்லாம் தெளிவாகத் திரும்பி வந்தார். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தார். அது கீச்சென்று கத்தியது. 'அடையாளம் கிடைத்தது. உரிமையாளர் பெயரை நிரப்புக.'

மூக்கம்மா ஓடிவந்தது. "என் பேரைப் போடுங்க சார்! இது என் நெலம். ஊரே சொல்லும்."

அதிகாரி முடியாது என்று தலையாட்டினார். அவர் நேர்மையானவர், அதுதான் இந்தக் கதையின் கெட்ட நேரம்.

"பொய் எழுத முடியாதும்மா. அரசாங்க வேலை. யார் போட்டதோ அவங்க பேரைத்தான் எழுதணும்."

"உள்ள இருக்கறது என் கெழங்கு சார்! என் புள்ளைங்க வாயிலேருந்து புடுங்கி வச்ச கெழங்கு!"

"கெழங்கு உன்னோடதுதான். அதை யாரு இல்லைங்கறா? ஆனா வெளிக்குப் போனது நான்தானே?" என்றபடி தன் பெயரை நிரப்பினார். "ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடு. விசாரிக்க நானேதான் வருவேன். சாப்பாடு இதே மாதிரி இருக்கட்டும்."

மற்ற இடமெல்லாம் புறம்போக்கானது. மயிலுக்கு மட்டும் ஒரு திருப்தி. அதிகாரி கிளம்பும்வரை ஒரு தடவைகூட மூக்கைப் பொத்தவில்லையாம். இன்றைக்கும் பார்ப்பவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கோடை முற்றியது. பசி தாளாமல் குட்டிகள் ஓடைக்கரைக்கு ஓடின. பின்னாலேயே போன மூக்கம்மா, ஓரத்தில் கிடந்த சாணத்தை மோந்து பார்த்தது. தன் கிழங்கின் வாசனை அதில் இன்னும் கொஞ்சம் இருந்தது. மூக்கம்மாவுக்கு அழுகை வந்தது. பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, வழக்கப்படி, மரியாதையாக விலகிப் போனது.

நீதி: நிலம் உழுதவருக்கும் இல்லை, கூட்டியவருக்கும் இல்லை, கடைசியாகக் கழிந்தவருக்கே. ஆகவே அதிகாரிக்கு இலை போடுவதற்கு முன் நீங்கள் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள்.